கை சரியில்லையா? ஆடலாமா, ஸ்கூட் போடலாமா? – ரம்மி ஜமாவுக்குப் பயனுள்ள குறிப்புகள்

பொங்கல் லீவு, பள்ளிக்கூட முழுப் பரீட்சை லீவு, சிவராத்திரி கண்விழிப்பு. இந்த மூணு சமயத்திலும் எங்க விக்கிரமங்கலம் பக்கம் திண்ணையில பாயை விரிச்சா ரம்மி ஜமா தானா கூடிடும். நல்ல சீட்டு விழுந்தால் யாரும் ஆடிடுவாங்க. விழாத அன்னிக்கு என்ன செய்யறதுங்கிறதுலதான் பாயின்ட் மிச்சமாகிறதும் கரையறதும் இருக்கு. அதுக்குத்தான் இந்தக் குறிப்புகள், தோழிகளே.

கணக்கு எல்லாம் வழக்கமான முறைப்படி: ரெண்டு கட்டு, ஆளுக்கு 13 சீட்டு, சீட்டு எடுக்கும் முன்னாடி கையை இறக்கிட்டு விலகினால் ஸ்கூட் 20, எடுத்த பிறகு மிடில் ஸ்கூட் 40, ஃபுல் 80. பந்தயம் புளியங்கொட்டை மட்டும்.

1. பதின்மூணு சீட்டும் வந்து சேர்ந்த பிறகு ஒரேயடியா எடுத்து அடுக்குங்க. ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தால், முதல்ல வந்த ரெண்டு ராஜாவைப் பார்த்தே 'இது உருப்படாது'ன்னு மனசு முடிவு கட்டிடும். அப்புறம் வர்ற நல்ல சீட்டு கண்ணுல படாது.

2. அடுக்கும்போது ஸ்பேட், ஆர்ட்டின், கிளாவர், டைமண்ட்னு கறுப்பும் சிவப்பும் மாத்தி மாத்தி வையுங்க. ஸ்பேடும் கிளாவரும் பக்கத்துல பக்கத்துல இருந்தால், அவசரத்துல இல்லாத ரம்மி (ஒரே இன வரிசை) இருக்கிற மாதிரி தெரியும். அதை நம்பி உள்ளே இறங்கினால் ரெண்டு சுத்து வீண்.

3. முதல் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: ஜோக்கர் இல்லாத ரம்மி, அதாவது ஒரிஜினல், விழுந்திருக்கா? விழுந்திருந்தால் மீதி சீட்டு எவ்வளவு மோசமா இருந்தாலும் ஆடுங்க. ஒரிஜினல் இல்லாமல் மாட்டினால் பதின்மூணு சீட்டையும் எண்ணுவாங்க. இருந்தால் அந்த பயம் பாதி போச்சு.

4. ஒரிஜினல் இல்லையா? இப்போ ஜோடிகளை எண்ணுங்க. 7, 8 ஆர்ட்டின் மாதிரி ஒட்டின ஜோடிக்கு 6-ம் ஆகும், 9-ம் ஆகும். ரெண்டு கட்டு என்பதால் மொத்தம் 4 சீட்டு. 7, 9 மாதிரி நடுவுல ஓட்டை விழுந்த ஜோடிக்கு 8 மட்டும்தான், அதாவது 2 சீட்டு. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், மதிப்பு பாதிக்குப் பாதி.

5. ஓரத்து ஜோடியை ஓட்டை ஜோடியாகவே கணக்கு வையுங்க. ஏஸ், 2 இருந்தால் 3 ஒண்ணுதான் ஆகும். ஏஸ், ராஜா இருந்தால் ராணி ஒண்ணுதான்.

6. ஒரே மாதிரி ரெண்டு சீட்டு (8 டைமண்ட், 8 டைமண்ட்) வந்தால் அதை ஜோடின்னு எண்ணிடாதீங்க. செட்டுக்கு வேற வேற இனம் வேணும், ரம்மிக்கு வரிசை வேணும். இது ரெண்டுக்கும் உதவாது. ஒண்ணை மனசுல கழிச்சிட்டு, பன்னிரண்டு சீட்டு வெச்சுக் கணக்கு பாருங்க.

7. இந்தக் கணக்கை மட்டும் கொஞ்சம் பொறுமையா படிச்சுப் பாருங்க. ரெண்டு கட்டும், கட்டுக்கு ஒரு படம் போட்ட ஜோக்கருமா மொத்தம் 106 சீட்டு. உங்க கையில 13, வெட்டி வெச்ச ஜோக்கர் 1, கீழே திறந்தது 1 போக, கண்ணுக்குத் தெரியாதது 91. ஒட்டின ஜோடி ஒண்ணே ஒண்ணுன்னா, கட்டிலிருந்து அஞ்சு தடவை எடுத்தும் ஒரிஜினல் சேர வாய்ப்பு அஞ்சுல ஒண்ணுதான். ரெண்டு ஜோடி இருந்தால் எட்டுக்கு மூணு. மூணு ஜோடி இருந்தால் பாதிக்குப் பாதி. உங்களுக்கு முன்னாடி ஆடற மேல் கை கழிக்கிறதும் உங்களுக்கு ஆகும்னா இன்னும் கொஞ்சம் கூடும்.

8. அதனால சுலபமா ஞாபகம் வெச்சுக்க ஒரு வழி: ஒட்டின ஜோடி மூணு இருந்தால் ஆடலாம். ரெண்டு ஜோடியோட ஒரு ஜோக்கர் இருந்தாலும் ஆடலாம். ஒரே ஜோடி, ஜோக்கர் இல்லைன்னா ஸ்கூட். அதுல யோசிக்க ஒண்ணுமில்லை. இதுக்கு நடுவுல விழற கைகளுக்குத்தான் கீழே இருக்கிற குறிப்புகள் எல்லாம்.

9. ஜோக்கர் வரலைன்னு சோர்ந்து போகாதீங்க. வெட்டின ஜோக்கர் போக அதே எண்ணுள்ள 7 சீட்டும் படம் போட்டது 2-மா 9 ஜோக்கர்தான் புழக்கத்துல இருக்கு. கணக்குப்படி பத்துக் கையில மூணு கை ஜோக்கரே இல்லாமல்தான் விழும். எதிரே உட்கார்ந்திருக்கிறவங்களுக்கும் இதே கதைதான்.

10. ஜோக்கர் ரெண்டு வந்துட்டாலே ஜெயிச்ச மாதிரி நினைக்கிறவங்க உண்டு. ஒரிஜினலுக்கு ஜோக்கர் உதவாது. ஜோடியே இல்லாமல் ஜோக்கரை மட்டும் வெச்சுக்கிட்டு உட்கார்ந்தால் மத்த சீட்டு பூரா எண்ணிக்கைக்குப் போகும். ரெண்டு ஜோக்கரோட ஒட்டின ஜோடி ஒண்ணாவது இருக்கான்னு பார்த்த பிறகு சந்தோஷப்படுங்க.

11. 20-க்கும் 80-க்கும் உள்ள உறவைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்க: நாலு ஸ்கூட் சேர்ந்தால்தான் ஒரு ஃபுல். இந்த மாதிரி ஒரு கையை நாலு தடவை ஆடினால் ஒரு தடவைக்கு மேல ஃபுல் வாங்குவோம்னு தோணினால், ஸ்கூட்தான் சிக்கனம். ஜெயிச்சுடுவோம்கிற நம்பிக்கை இருந்தால் மட்டும் இந்தக் கணக்கைத் தளர்த்துங்க.

12. கையில இருக்கிற மொத்தப் புள்ளியை ஒரு தடவை கூட்டிப் பாருங்க. ராஜா, ராணி, ஜாக்கி, ஏஸ் எல்லாம் பத்துப் பத்து. அது எட்டு இருந்தாலே 80 ஆச்சு. அதே சமயம் பூரா 2, 3, 4, 5-ன்னு விழுந்த கை பார்க்க அழகில்லைன்னாலும், தோத்தால் போறது 45, 50-தான். பெரிய சீட்டு நிறைஞ்ச மோசமான கையை உடனே இறக்குங்க. சின்ன சீட்டு நிறைஞ்சது கொஞ்சம் தாங்கும்.

13. 'ஒரே ஒரு சீட்டு எடுத்துப் பார்த்துட்டு போடறேன்' என்பதுதான் ரம்மியில ரொம்பச் செலவு வைக்கிற பழக்கம். எடுத்த அந்த நிமிஷமே 20, 40 ஆயிடும். ஒட்டின ஜோடி ஒண்ணே இருக்கிற கைக்கு, அந்த ஒரு சீட்டு சரியா வர்ற வாய்ப்பு 91-க்கு 4. அதுக்கு 20 புள்ளி கொடுக்கிறது கட்டுப்படி ஆகாது.

14. ஆனால் திறந்து கிடக்கிற முதல் சீட்டு உங்க ஒரிஜினலை முடிக்கும்னா, அது வேற விஷயம். தயங்காமல் எடுத்து ஆடுங்க. செட்டை முடிக்கும் என்பதற்காக மட்டும் எடுத்தீங்கன்னா, ஸ்கூட் வாய்ப்பும் போச்சு, ஒரிஜினலும் வரலை, எதை எடுத்தீங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சும் போச்சு.

15. திறந்த முதல் சீட்டே ஜோக்கரா இருந்தால் முதல் ஆள் எடுக்கலாமா கூடாதாங்கிறதை ஆட்டம் தொடங்கும் முன்னாடியே பேசி வெச்சுக்குங்க. வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். சீட்டைக் கையில வெச்சுக்கிட்டு இதைப் பேச ஆரம்பிச்சால் டீ ஆறிடும்.

16. எத்தனை பேர் ஆடறாங்கன்னு பார்க்காமல் ஸ்கூட்டை முடிவு பண்ணாதீங்க. இதை நிறைய பேர் கவனிக்கிறதே இல்லை, ஆனால் எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமாப் படுது. ஆறு பேர் உட்கார்ந்தால் 78 சீட்டு கையிலேயே போயிடும். வெட்டினது ஒண்ணு, திறந்தது ஒண்ணு போக, கட்டுல மிச்சம் 26-தான். ஆளுக்கு நாலு தடவை எடுத்தால் கட்டு தீரப் போகுது; உங்க அரைகுறைக் கை தேறி வர நேரமே இல்லை. ரெண்டே பேர் ஆடினால் கட்டுல 78 சீட்டு இருக்கும். அதே கை நிதானமா வளர இடம் உண்டு. ஆறு பேர்ல இறக்கிற கையை ரெண்டு பேர்ல ஆடலாம்.

17. ஆறு பேர் ஆட்டத்துல வேறொரு கணக்கும் இருக்கு. உங்க கை சுமார்னா, மத்த அஞ்சு பேர்ல ஒருத்தருக்காவது நல்ல கை விழுந்திருக்கும்னு எடுத்துக்குங்க. ரெண்டு பேர்னா எதிராளி ஒருத்தர்தான், அவருக்கும் சுமாராவே விழுந்திருக்கலாம்.

18. லீவுக்கு வந்த சின்னப் பிள்ளைகளும் சேர்ந்து ஆறு பேர் ஆகிட்டால், மூணாவது கட்டு ஒண்ணைச் சேர்த்துடுங்க. 159 சீட்டு ஆயிடும், பங்கு போட்ட பிறகும் கட்டுல 79 இருக்கும். பிள்ளைகள் சும்மா சும்மா ஸ்கூட் போட்டுட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

19. சீட்டு போடுறவருக்கு அடுத்த ஆள் முதல்ல முடிவு சொல்லணும். அவருக்கு யார் கையில என்ன இருக்குன்னு ஒரு தகவலும் கிடையாது. அந்த இடத்துல உட்கார்ந்திருந்தால் கறாரா இருங்க. கடைசி இடத்துல உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் தாராளமா இருக்கலாம்.

20. கடைசி ஆளா இருக்கும்போது கையைப் பார்த்ததும் 'ஸ்கூட்'னு வாயைத் திறந்துடாதீங்க. உங்களுக்கு முன்னாடி எல்லாரும் ஸ்கூட் போட்டுட்டால், ஒரு சீட்டும் எடுக்காமலே ஆட்டம் உங்களுது. முன்னால ரெண்டு மூணு பேர் போட்டுட்டு ஒருத்தர்தான் மிச்சம்னாலும், சுமாரான கையோட உள்ளே இறங்கலாம்.

21. போக்கர் ஆடறவங்களும் இதையேதான் சொல்றாங்க. அங்கே ரெண்டே சீட்டுல முடிவு எடுக்கணும். 1,326 விதமா விழக்கூடிய ரெண்டு சீட்டையும் 169 வகையா பிரிச்சு, எதை எந்த இடத்துல உட்கார்ந்தால் ஆடலாம்னு பட்டியலே போட்டு வெச்சிருக்காங்க. இனம் சேராத 7-ம் 2-ம் அவங்களுக்கு ஆகாத கை. ஆனால் கடைசியா முடிவு சொல்ற இடத்துல இருந்தால் அவங்களும் கொஞ்சம் மோசமான கையை ஆடுவாங்க.

22. யார் யார் எப்போ ஸ்கூட் போடுவாங்கன்னு கவனிச்சு வையுங்க. எந்தக் கை வந்தாலும் ஆடுற மாமா உள்ளே இருக்கார் என்பதற்காக நீங்க பயப்பட வேண்டாம். எப்பவும் அளந்து ஆடுற சின்னம்மா பேசாமல் சீட்டு எடுத்தாங்கன்னா மட்டும் உங்க கையை மறுபடி ஒரு தடவை பாருங்க.

23. சீட்டைப் பார்த்ததும் 'ச்சே'ன்னு சொல்றது, பெருமூச்சு விடறது, பக்கத்துல இருக்கிறவங்க மடியில காட்டிச் சிரிக்கிறது எல்லாம் மத்தவங்களுக்கு நீங்க இலவசமா கொடுக்கிற தகவல். அவங்க ஸ்கூட் போட நினைச்ச கையையும் ஆட ஆரம்பிச்சிடுவாங்க.

24. 101 ஆட்டத்துல உங்க புள்ளி 80 தாண்டிடுச்சான்னு ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாடியும் பாருங்க. 80-ல ஸ்கூட் போட்டால் 100, பிழைச்சீங்க. 81-ல போட்டால் 101, அவுட். 80-க்கு மேல போயிட்டால் ஸ்கூட்டே கிடையாதுன்னு நினைச்சு, எந்தக் கை வந்தாலும் ஆடித்தான் ஆகணும். மிடில் ஸ்கூட்டுக்கு இந்த எல்லை 60.

25. 201 ஆட்டத்துல பொதுவா ஸ்கூட் 25, மிடில் 50. அதனால எல்லைகள் 175-ம் 150-ம். புள்ளி எழுதுற தாளோட மூலையிலேயே இந்த நாலு எண்ணையும் குறிச்சு வெச்சுட்டால், ஆட்டத்துக்கு ஆட்டம் கணக்குப் பார்க்கிற வேலை மிச்சம்.

26. 101-ல அஞ்சு ஸ்கூட் போட்டாலும் 100-ல உயிரோட இருக்கலாம்தான். அதுக்காகத் தொடக்கத்துலயே அஞ்சையும் வரிசையா செலவு பண்ணிடாதீங்க. முதல் பாதியில ரெண்டு, மிஞ்சிப் போனால் மூணு; மிச்சத்தை நெருக்கடிக்கு வெச்சிருங்க.

27. எதிராளி 80-க்கு மேல இருக்காரா? அவர் ஸ்கூட் போட முடியாமல் குப்பைக் கையையும் ஆடிக்கிட்டிருப்பார். அந்த நேரத்துல நீங்க வழக்கமா இறக்கிற சுமார் கையைத் துணிஞ்சு ஆடலாம். நீங்க குறைஞ்ச புள்ளியில முன்னாடி இருக்கீங்க, மத்த ரெண்டு பேரும் விளிம்புல நிக்கிறாங்கன்னா நேர்மாறா செய்யுங்க: மோசமான கையை இறக்கிட்டு அவங்களை மோத விடுங்க.

28. இத்தனை ஆட்டம்னு முதல்லயே பேசிக்கிட்டு ஆடுற முறையில பல வீடுகளில் ஸ்கூட்டே கிடையாது. அங்கே மோசமான கை வந்தால் ஜெயிக்கிற நினைப்பை விட்டுட்டு, முதல் சீட்டிலிருந்தே புள்ளியைக் குறைக்கிற வேலையைப் பாருங்க.

29. ஆட வேண்டிய கட்டாயத்துல மோசமான கையை ஆடறீங்கன்னா, ஒட்டாத ராஜா, ராணியை முதல்ல கழிங்க. ராணி, ராஜான்னு ஒரே இனத்துல ஒட்டி இருந்தால் ரெண்டு சுத்து வெச்சுப் பாருங்க. அதுக்கு மேல வெச்சிருக்க வேண்டாம்.

30. எதைக் கழிக்கிறதுன்னு தெரியலையா? உங்களுக்கு அடுத்தபடியா எடுக்கிறவர் எதைக் கழிச்சார்னு பாருங்க. அவர் 9 ஸ்பேடைப் போட்டிருந்தால், அவருக்கு 10 ஸ்பேடோ ஜாக்கி ஸ்பேடோ வேண்டியிருக்க வாய்ப்புக் குறைவு. பெரிய சீட்டைப் பத்திரமா இறக்க இது நல்ல வழி.

31. மூணு சுத்து முடிஞ்சும் ஒரிஜினல் சேரலை, எதிராளி கீழே விழுந்த சீட்டை ரெண்டு தடவை எடுத்துட்டார்னா மிடில் ஸ்கூட்டை யோசிங்க. அப்போ கையில எண்ணினால் எவ்வளவு வரும்னு கூட்டுங்க. 40-க்கு மேலன்னா போட்டுடலாம். 40-க்குக் கீழன்னா கடைசி வரைக்கும் ஆடறதுல நஷ்டம் இல்லை. ஒரிஜினலும் இன்னொரு ரம்மியும் சேர்ந்த பிறகு பெரும்பாலும் மிடில் ஸ்கூட் தேவைப்படாது.

32. ஸ்கூட் போட்ட பிறகு 'எனக்கு என்ன வந்திருக்கும்'னு கட்டைப் புரட்டிப் பார்க்காதீங்க. வந்திருந்தால் அடுத்த பத்து ஆட்டத்துக்கு ஸ்கூட் போடவே மனசு வராது. உங்க சீட்டையும் மத்தவங்களுக்குக் காட்டாமல் கவிழ்த்து வெச்சிடுங்க, உள்ளே ஆடறவங்களுக்கு அது துப்புக் கொடுத்த மாதிரி ஆயிடும்.

33. தொடர்ந்து மூணு தடவை ஸ்கூட் போட்டாச்சு, இந்தத் தடவை ஆடியே தீரணும்னு கிளம்பாதீங்க. நன்றாகக் கலைச்ச சீட்டுக்குப் போன ஆட்டம் ஞாபகம் இருக்காது. நாலாவது கையும் மோசம்னா நாலாவது ஸ்கூட்தான். அதே மாதிரி ரெண்டு ஆட்டம் ஜெயிச்ச சந்தோஷத்துல குப்பைக் கையைத் தூக்கிக்கிட்டு உள்ளே போகவும் வேண்டாம்.

34. ரம்மியில போன ஆட்டத்து வரிசையும் செட்டும் சேர்ந்தபடியே கட்டுக்குள்ள போகும். அரைகுறையா கலைச்சால் ஒருத்தருக்கு எல்லாம் சேர்ந்தும் இன்னொருத்தருக்கு எதுவும் சேராமலும் விழும். டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற கணித அறிஞர்கள் 1992-ல் வெளியிட்ட ஆய்வுப்படி, 52 சீட்டுள்ள ஒரு கட்டை ரெண்டாப் பிரிச்சுப் பின்னிக் கலைக்கிற முறையில ஏழு தடவை கலைச்சால்தான் நன்றாகக் கலையும். நம்ம ரெண்டு கட்டுக்கு அதைவிடக் கூடுதலா வேணும். கலைக்கத் தெரியாத பிள்ளைகள் இருந்தால், பாயில கவிழ்த்துப் பரப்பி ரெண்டு கையாலும் நல்லா அளையச் சொல்லுங்க, அதுவே போதும்.

35. மேலே சொன்ன கணக்கெல்லாம் கட்டு முழுசா இருந்தால்தான் செல்லும். மாசத்துக்கு ஒரு தடவை இனம் இனமாப் பிரிச்சு எண்ணிப் பாருங்க. ஒரு சீட்டு தொலைஞ்சிருந்தால் புதுக் கட்டு வாங்க வேண்டாம், உபரியா இருக்கிற விளம்பரச் சீட்டுல பேனாவால எழுதிச் சேர்த்துடுங்க. ஒட்டிக்கிற சீட்டுக்கு முகப் பவுடர் கொஞ்சம் தூவித் துணியால துடைச்சால் வழுக்கிக்கிட்டு வரும்.

36. காசுக்குப் பதிலா புளியங்கொட்டை வையுங்க. பத்துப் புள்ளிக்கு ஒரு கொட்டைன்னு வெச்சால் ஸ்கூட்டுக்கு 2, மிடிலுக்கு 4, ஃபுல்லுக்கு 8. பென்சில், தாள் எதுவும் வேண்டாம். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்துச் சொந்தக்காரங்க வீடுகளில் முந்திரிக்கொட்டையிலயும் ஆடலாம், சீசன்ல கிடைக்கும். ஃபுல் வாங்கினவர் எட்டுக் கொட்டையை எண்ணி நகர்த்தும்போது, ஸ்கூட் போட்டிருக்கலாமேன்னு தானா தோணும். தாள்ல எழுதற 80-ல அது தோணாது.

37. 'ஸ்கூட்'னு சொல்லப் பிள்ளைகள் கூச்சப்படுவாங்க, தோத்த மாதிரி நினைச்சு. அவங்களுக்குன்னு தாள்ல ஒரு தனிக் கட்டம் போட்டு, ஸ்கூட் போட்ட ஆட்டத்துல கடைசியா ஜெயிச்சவர் எத்தனை சுத்துல முடிச்சார்னு எழுதுங்க. மூணு, நாலு சுத்துல முடிஞ்சிருந்தால் அந்தப் பிள்ளை 60 புள்ளி வரைக்கும் காப்பாத்தியிருக்குன்னு எடுத்துச் சொல்லுங்க. கழித்தல் கணக்கும் அப்படியே பழகும்.

38. மூணு சீட்டு ஆடற வீடுகளுக்கு ஒரு வார்த்தை: மூணு சீட்டு 22,100 விதமா விழலாம். அதுல நாலுக்கு மூணு கையில ஜோடியோ அதைவிட நல்லதோ எதுவும் இருக்காது. அதனால சின்ன ஜோடி வந்தாலே அது சராசரிக்கு மேலான கைதான். பார்க்காமலே பிளைண்ட் போட்டுக்கிட்டே போறது மட்டும் வேண்டாம்.

39. சிவராத்திரி ராத்திரி ரெண்டு மணிக்கு மேல எல்லாக் கையும் ஆடலாம் போலத்தான் தெரியும். எட்டாவது குறிப்பை ஒரு அட்டையில எழுதிப் பாய்க்குப் பக்கத்துல வெச்சுக்குங்க. தூக்கக் கலக்கத்துல யோசிக்கிறதைவிட எழுதி வெச்சதைப் பார்த்து ஆடறது நல்லது.

40. சீட்டு ஆடறதே தப்புன்னு பெரியவங்க கோபிச்சால் இதைச் சொல்லுங்க: 1968-ல் சத்தியநாராயணா வழக்குத் தீர்ப்புல உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமையால ஆடற ஆட்டம்னு சொன்னது. எந்தச் சீட்டு விழுந்ததுன்னு ஞாபகம் வெச்சுக்கிறது, எதை வெச்சிருக்கிறது, எதைக் கழிக்கிறது – இதுக்கெல்லாம் திறமை வேணும் என்பது அதுக்குச் சொன்ன காரணம். மூணு சீட்டை அந்தத் தீர்ப்பு அதிர்ஷ்ட ஆட்டங்களோடதான் சேர்த்துச் சொன்னது.

41. ஆனால் காசு கட்டி செல்போன்ல ஆடற ரம்மி வேற. திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம்னு பேதம் பார்க்காமல், பணம் வெச்சு ஆடற ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யற மத்திய அரசுச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். அங்கே ஸ்கூட் போடவும் காசு, ஃபுல்லுக்கும் காசு, அடுத்த ஆட்டம் சில நொடியிலேயே தொடங்கிடும். திண்ணையில சீட்டு கலைக்கிற நேரத்துல கிடைக்கிற நிதானம் அங்கே கிடைக்காது.

42. வீட்டுல யாராவது அதுல பணத்தை விட்டுட்டு வெளியே சொல்ல முடியாமல் தவிக்கிறாங்கன்னு தெரிஞ்சால், சண்டை போடாதீங்க, பக்கத்துல உட்கார்ந்து பேசுங்க. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண் இருக்கு, தமிழக அரசோட 104-ம் இருக்கு. விட்ட பணத்தை அடுத்த ஆட்டத்துல எடுத்துடலாம்னு மறுபடி கடன் வாங்கறதைத் தடுக்கிறதுதான் முதல் வேலை.

43. பழக விருப்பம் உள்ளவங்களுக்கு: மத்தியானம் சோறு ஆன பிறகு தனியா உட்கார்ந்து உங்களுக்கே பதின்மூணு சீட்டு போட்டுக்குங்க. பார்த்ததும் ஆட்டமா, ஸ்கூட்டான்னு ஒரு தாள்ல எழுதிடுங்க. அப்புறம் கட்டிலிருந்து அஞ்சு சீட்டு எடுத்து, ஒரிஜினல் சேர்ந்ததான்னு பார்த்து ஒரு டிக் அல்லது ஒரு கோடு போடுங்க. பத்துப் பதினைஞ்சு கை பார்க்க அரை மணி நேரம் கூட ஆகாது. ஒரு வாரம் செஞ்சு பார்த்துட்டு அந்தத் தாளைப் புரட்டுங்க, எந்த மாதிரிக் கையை நீங்க அநாவசியமா ஆடறீங்கன்னு அதுலயே தெரிஞ்சிடும்.